பயோலாஜிக் ஊசியோடு வருடக்கணக்கில் வாழ்வது எப்படி: கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முடக்குவாதம், அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், சொரியாசிஸ் மூட்டுவாதம், கிரோன் நோய் என்று பெயர் எதுவானாலும், மாத்திரைக்கு அடங்காத அழற்சிக்கு டாக்டர் பயோலாஜிக் ஊசியைச் சொல்வார். உயிரணுக்களில் வளர்த்து எடுக்கும் புரத மருந்து அது; அழற்சியைத் தூண்டும் பொருளைக் குறிபார்த்துத் தடுக்கும். நான் முதுகெலும்பைத் தாக்கும் ஸ்பாண்டிலைட்டிஸுக்கு அடலிமுமாப் என்ற பயோலாஜிக் போட்டுக்கொண்டிருக்கிறேன். தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் துணையாகப் போய்வருவதும் உண்டு. ஊசி குத்தும் இடத்தில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. மூன்றாவது மாதம் பணம் தீர்ந்தும், மழைக்காலத்தில் கரண்ட் போயும், காய்ச்சல் வந்த இரவில் என்ன செய்வதென்று தெரியாமலும்தான் தடுமாறுகிறார்கள்.

இந்த மருந்தைத் தொடங்குவது எளிது, இடையில் விட்டுப்போகாமல் கொண்டுபோவதுதான் பாடு. அதனால் ஒரு வருடத்துக்கான ஏற்பாடு முடிந்த பிறகே முதல் ஊசி போடுங்கள். கீழே இருக்கும் வரிசை அதற்காகத்தான். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் உங்கள் மூட்டுவாத நிபுணரின் முடிவு.

1. எந்த மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எழுதி வாங்குங்கள்

பயோலாஜிக் என்பது ஒரே மருந்து அல்ல. அடலிமுமாப் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். தோலுக்கடியில் வீட்டிலேயே போடலாம். எடனர்செப்ட் பெரும்பாலும் வாரம் ஒன்று. செக்குகினுமாப் முதல் ஐந்து டோஸ் வாரம் ஒன்றாகப் போய், அப்புறம் மாதம் ஒன்று. இன்ஃப்லிக்சிமாப் நரம்பு வழியாக ஏற்றுவது. முதல் நாள், 2-ஆவது வாரம், 6-ஆவது வாரம், பிறகு நோயைப் பொறுத்து ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

உங்கள் பிழைப்பு எப்படிப்பட்டது என்பதை இந்த இடத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் கரை திரும்பமாட்டார். அவருக்கு இரண்டு வார ஊசி என்றால் படகில் குளிர்ச்சி பேண வேண்டும். மாத ஊசி ஒத்துவரலாம். குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு, ஏற்று மருந்து நாள் என்றால் ஒருநாள் கூலி போச்சு. இதையெல்லாம் டாக்டர் தானாகக் கேட்கமாட்டார். நோய்க்குப் பொருந்தும் மருந்து இரண்டு மூன்று இருக்கும்போது, உங்கள் வேலைதான் எதை எடுப்பது என்று தீர்மானிக்கும்.

2. ஒரு வருடத்துக்கான பணவழியைக் கண்டுபிடியுங்கள்

சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன்பே இதைச் செய்யச் சொல்கிறேன். பலர் நகையை அடகு வைத்து மூன்று டோஸ் போட்டு, வலி குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். விட்டு விட்டுப் போடும்போது உடம்பு மருந்துக்கு எதிராகவே எதிரணு (ஆன்டிபாடி) உண்டாக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிறகு பணம் வந்தாலும் அதே மருந்து பழையபடி கேட்காமல் போகலாம்.

கேட்க வேண்டிய இடங்கள் இவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். உங்கள் மருந்து அதில் வருமா, எந்த ஆஸ்பத்திரியில் என்று, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ நீங்கள் போகும் ஆஸ்பத்திரியிலோ உள்ள காப்பீட்டு கவுன்டரில் மருந்துச்சீட்டைக் காட்டி நேரில் கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கே. வீட்டில் முன்னாள் ராணுவத்தினர் இருந்தால் அவர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இல்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், விலக்கி வைக்கக் கூடாத நவீன சிகிச்சைகளில் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசியும் (அடலிமுமாப் இந்த வகைதான்) இருக்கிறது. ஆனால் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் அனுமதித்துப் போட்டால்தான் தருவோம் என்றும் சொல்வார்கள். அதனால் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பயோசிமிலர். மூல மருந்தின் காப்புரிமை முடிந்தபின் வேறு நிறுவனங்கள் அதற்கு இணையாகத் தயாரிப்பவை இவை. உலகின் முதல் அடலிமுமாப் பயோசிமிலர் 2014-இல் வந்தது இந்தியாவில்தான். விலை பிராண்டுக்கு பிராண்டு மாறும். விலை குறைவு என்பதால் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். எதைத் தொடங்கினாலும் அது உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்குமா என்று மருந்துக்கடையில் உறுதி செய்யுங்கள். மாதா மாதம் கடைக்காரர் கையில் அகப்படும் பிராண்டுக்கெல்லாம் மாறாதீர்கள்.

3. காசநோய், கல்லீரல் சோதனைகள்: இதை முடிக்காமல் ஊசி கிடையாது

காசநோய்க் கிருமி நம்மில் பலர் உடம்பில் வருடக்கணக்கில் தூங்கிக் கிடக்கும். அதை அடக்கி வைத்திருக்கும் காவலில் டி.என்.எஃப். என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அடலிமுமாப், இன்ஃப்லிக்சிமாப் எல்லாம் அந்தப் புரதத்தைத்தான் கட்டிப்போடுகின்றன. காவல் போனால் கிருமி எழும். அதுவும் நுரையீரலை விட்டு வயிறு, நிணநீர்க்கட்டி, முதுகெலும்பு என்று எங்கே வேண்டுமானாலும் எழும்.

அதனால் மார்பு எக்ஸ்ரே, கூடவே மான்டூ தோல் சோதனை அல்லது இக்ரா ரத்தச் சோதனை. மான்டூ போட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டுவிட்டு திங்கட்கிழமை போகிறவர்கள் பலர். மணிக்கணக்கு தப்பினால் மறுபடி முதலிலிருந்து. திங்கள் அல்லது செவ்வாய் போடுங்கள்.

மறைந்திருக்கும் காசநோய் தெரிந்தால் தடுப்பு மாத்திரை தருவார்கள். இது அரசு காசநோய் மையத்தில் இலவசம். ஐசோனியசிட் ஆறு மாதம் என்பது ஒரு வழி, வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் இரண்டு மருந்து சேர்த்து எடுப்பது இன்னொரு வழி. பொதுவாக ஒரு மாதம் மாத்திரை எடுத்த பிறகே ஊசியைத் தொடங்குவார்கள். ஊசி தொடங்கியதும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். அந்த மாதங்களில் மது கூடவே கூடாது, கல்லீரல் தாங்காது.

ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனையும் இதே ரத்தத்தில் முடியும். ஹெபடைட்டிஸ் பி-க்கு, இப்போது தொற்று இருப்பதைக் காட்டும் மேல்புற ஆன்டிஜென் (HBsAg) மட்டும் போதாது. முன்பு வந்து போனதைக் காட்டும் கோர் ஆன்டிபாடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

4. தடுப்பூசிகளை முன்னால் தள்ளுங்கள்

ஊசி தொடங்கிய பின் உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் போடக் கூடாது. தட்டம்மை கலந்த எம்.எம்.ஆர்., சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகள் அந்த வகை. தேவை என்றால் தொடங்குவதற்கு நான்கு வாரம் முன்பாவது போட்டு முடிக்க வேண்டும். கப்பல் வேலைக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போகும் எண்ணம் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசியை இப்போதே பேசிவிடுங்கள்.

நிமோகாக்கல், ஆண்டுதோறும் போடும் இன்ஃப்ளூயன்சா, ஹெபடைட்டிஸ் பி, அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் இவையெல்லாம் உயிரற்றவை, பின்னாலும் போடலாம். ஆனால் முன்னால் போட்டால் நன்றாகப் பிடிக்கும்.

5. பிரிட்ஜைத் தயார் செய்யுங்கள்

இங்கேதான் நான் அதிகம் நிற்பேன். விலை உயர்ந்த மருந்து சத்தமில்லாமல் வீணாவது இங்கேதான்.

மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். உறையக் கூடாது. நம் வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைக் கதவு பிரிட்ஜ். அதில் ஃப்ரீசருக்கு நேர் கீழே ஒரு தட்டு இருக்கும். அங்கே குளிர் அதிகம் என்று மருந்தை வைக்கிறார்கள். ஒரு வீட்டில் அப்படி வைத்த ஊசிப் பேனாவின் (மருந்து நிரப்பி வரும் பேனா வடிவ ஊசி) கண்ணாடி ஜன்னலில் பார்த்தேன்: மருந்து பாதி தெளிவாகவும் பாதி பனித்தூளாகவும் நின்றது. வெளியே எடுத்து வைத்தால் உருகிப் பச்சைத்தண்ணீர் போலத்தான் தெரியும். பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் ஒருமுறை உறைந்த புரதம் குலைந்துவிடும். அதைப் போட்டுப் பயனில்லை, எறிய வேண்டியதுதான்.

கதவில் வைப்பதும் தப்பு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடேறும். பின்சுவரில் ஒட்டினாலும் உறையலாம். நடுத்தட்டில், சுவரைத் தொடாமல், மருந்தின் அட்டைப்பெட்டியோடு மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். அட்டை வெளிச்சத்தை மறைக்கும். டப்பா மீன்தண்ணியிலிருந்து காக்கும். பக்கத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்து, மருந்து வாங்கும் முன் ஒரு வாரம் காலையும் இரவும் பாருங்கள். 8-ஐத் தாண்டினாலோ 2-க்குக் கீழ் போனாலோ பிரிட்ஜின் திருகைச் சரி செய்து மறுபடி ஒரு வாரம் பாருங்கள்.

"வெளியே 14 நாள் வைக்கலாமாம்" என்று சிலர் சொல்வார்கள். அடலிமுமாப் மூல மருந்தின் தாளில் அப்படி இருப்பது உண்மை. ஆனால் அது 25 டிகிரிக்குள். நம் ஊரில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி சாதாரணம். அந்தச் சலுகை நமக்கு எழுதியது அல்ல.

நமக்கு இரண்டு மழைக்காலம். கரண்ட் போவது புதிதல்ல. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் முதல் வேலை பிரிட்ஜைத் திறக்காமல் இருப்பது. திறக்காத பிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போகும் என்றால் ஜெல் பேக், ஐஸ்பெட்டி, ஜெனரேட்டர் உள்ள மருந்துக்கடை. அந்தக் கடைக்காரரிடம் மழைக்கு முன்பே பேசி வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு டோஸுக்கு மேல் வீட்டில் சேர்த்து வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ மருந்து வாங்கி வருவதானால் ஐஸ்பெட்டியோடு போங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்தான், ஆனால் சாலை நெரிசலில் எத்தனை மணி நேரம் என்று சொல்ல முடியாது. ஜெல் பேக்கும் மருந்தும் நேரடியாகத் தொடாமல் நடுவே துண்டைச் சுற்றி வையுங்கள். வெளியூர் டாக்டர் வேலை முடியும்வரை மருந்து வாங்காதீர்கள். கடைசியாக வாங்கி, நேராக வீடு.

6. ஊசி நாள்

நாள்காட்டியில் வருடம் முழுவதற்கும் நாட்களைக் குறித்துவிடுங்கள். மருந்தை வெளியே எடுத்து 15 முதல் 30 நிமிடம் வையுங்கள். குளிர்ந்த மருந்து எரியும். சுடுதண்ணியிலோ வெயிலிலோ வைத்துச் சூடாக்கக் கூடாது, குலுக்கவும் கூடாது. காலாவதித் தேதி, பிராண்டு, பேட்ச் எண்ணை நோட்டில் எழுதுங்கள். மருந்து கலங்கியிருந்தால் போடாதீர்கள்.

கையைச் சோப்பால் கழுவுங்கள். தொடையின் முன்பக்கம் அல்லது வயிறு. வயிற்றில் தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி. போன தடவை போட்ட இடத்திலிருந்து 3 சென்டிமீட்டராவது விலகி. சொரியாசிஸ் திட்டு, தழும்பு, சிவந்த இடம் வேண்டாம். ஸ்பிரிட் போட்ட இடம் தானாகக் காயட்டும். ஈரத்தில் குத்தினால் எரியும். பேனாவை 90 டிகிரியில் அழுத்தி, தாளில் சொன்ன நேரம் வரை, வழக்கமாக 10 முதல் 15 விநாடி, எடுக்காமல் பிடியுங்கள். 'கிளிக்' கேட்டதும் எடுத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. மருந்து தொடையில் வழிந்துவிடும். எடுத்தபின் பஞ்சால் அழுத்துங்கள், தேய்க்காதீர்கள்.

போட்ட இடம் ஓரிரு நாள் சிவந்து அரித்தால் குளிர் ஒத்தடம் போதும். முகம் வீங்குவது, மூச்சு முட்டுவது, உடம்பெங்கும் தடிப்பது என்றால் உடனே ஆஸ்பத்திரி. முதல் ஊசியை டாக்டர் முன்னால் போட்டுக்கொள்வது இதற்காகத்தான். ஊசியைக் கட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுங்கள். குப்பையில் போட்டால் துப்புரவுப் பணியாளர் கையில் குத்தும்.

கூடவே மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதியிருந்தால் அது வாரத்துக்கு ஒரே நாள். தினமும் எடுத்து உயிர் போனவர்கள் உண்டு. கிழமையைப் பெட்டியின்மேல் பெரிதாகத் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

7. காய்ச்சலுக்கு முன்கூட்டியே ஒரு திட்டம் வையுங்கள்

சாதாரண ஆளுக்கு 103 அடிக்கும் தொற்று நமக்கு 100-இல் நிற்கலாம். தெர்மாமீட்டரில் 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் அன்றே டாக்டர். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது. அந்த வாரம் ஊசி நாள் வந்தால் டாக்டரிடம் கேட்கும்வரை போடாதீர்கள். ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருக்கும்போதும் அப்படியே. ஒரு ஊசி ஒரு வாரம் தள்ளிப்போவதால் பெரிய கேடில்லை. தொற்றின்மேல் ஊசி போடுவதுதான் கேடு.

டோசிலிசுமாப் என்ற இன்னொரு பயோலாஜிக் போடுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அந்த மருந்து அடக்கிவிடும். ரத்தத்தில் சி.ஆர்.பி. நார்மல், அதனால் தொற்று இல்லை என்று யாராவது சொன்னால், இந்த மருந்து போடுகிறேன் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் நோய்க்காரர்கள் வலி மாத்திரைக்குப் பழகியவர்கள். காய்ச்சலோடு உடம்பு வலித்ததும் கை டைக்ளோஃபெனாக்கைத் தேடும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அது கூடாது; ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் மட்டும். மழைக்காலத்தில் டெங்கு, எலிக்காய்ச்சல் இரண்டையும் நினைவில் வைத்திருங்கள். வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியிருந்தால் அதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது என்றால், ஆரம்பத்தில் செய்த காசநோய்ச் சோதனை சரியாக இருந்திருந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும்.

பர்ஸில் ஒரு அட்டை வையுங்கள்: நோயின் பெயர், மருந்து, கடைசி ஊசி தேதி, டாக்டரின் எண். தமிழிலும் ஆங்கிலத்திலும். இரவு ஒரு மணிக்கு அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டருக்கு வேறு எதுவும் இந்த அளவு உதவாது.

8. காயம், தண்ணீர், சாப்பாடு

மீன் முள் குத்தினாலோ பால்வெட்டுக் கத்தி கீறினாலோ சோப்புத் தண்ணியில் கழுவி மூடுங்கள். சிவப்பு பரவினாலோ வீங்கினாலோ அன்றே காட்டுங்கள். ஆறாத காயத்தோடு குளத்திலும் கடலிலும் இறங்க வேண்டாம்.

காய்ச்சாத பால், ஆஃப் பாயில், பச்சை முட்டை மயோனைஸ் மூன்றையும் விட்டுவிடுங்கள். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தாராளமாகச் சாப்பிடலாம். நன்றாக வெந்த எதற்கும் தடையில்லை. கிணற்றுத் தண்ணியைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

9. ஆசான், வைத்தியர், கஷாயம்

நம் மாவட்டத்தில் வர்மமும் தடவலும் வீட்டுக்கு வீடு உள்ள விஷயம். "ஒரு தடவு தடவினால் சரியாகும் மக்களே" என்று பெரியவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஸ்பாண்டிலைட்டிஸில் முதுகெலும்பு ஒட்டிப்போய் மூங்கில்போல் இறுகியிருக்கலாம். அப்படிப்பட்ட முதுகையும் கழுத்தையும் முறுக்கினால் எலும்பு முறியும், தண்டுவடம் பாதிக்கும். மேலோட்டமாக எண்ணெய் தடவுவது வேறு, நெட்டி எடுப்பது வேறு. வர்ம ஆசானிடம் நோயின் பெயரைச் சொல்லி, முறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சீந்தில் கொடி நோய் எதிர்ப்பைக் கூட்டும் என்பார்கள். நமக்குக் கூட்டுவதல்ல, அடக்குவதுதான் சிகிச்சை. அதோடு சீந்திலால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. எந்தக் கஷாயம் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

10. நன்றாக இருக்கும்போது நிறுத்தாதீர்கள்

அடலிமுமாப் உடம்பிலிருந்து பாதியாகக் குறையவே சுமார் இரண்டு வாரம் எடுக்கும். அதனால் நிறுத்தினால் முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது. "விட்டுப் பார்த்தேன், நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சந்தோஷப்படுவார்கள். பிறகு ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து எழ முடியாது. நெடுநாள் அடங்கியிருந்தால் டாக்டர் இடைவெளியை மெல்லக் கூட்டிப் பார்ப்பது உண்டு. அதை அவரோடு செய்யுங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்தது பழைய நாளிலேயே. இரண்டு டோஸைச் சேர்த்துப் போடக் கூடாது. அறுவை சிகிச்சை, பல் பிடுங்குதல் போன்றவை இருந்தால் முன்பே சொல்லுங்கள். பெரிய அறுவை என்றால் பொதுவாக அடுத்த ஊசி வரவேண்டிய சமயத்தில் அறுவையை வைத்து, புண் ஆறியபின் ஊசியைத் தொடர்வார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், சி.ஆர்.பி. பார்க்க வேண்டிவரும். இதை உள்ளூர் லேபிலேயே செய்து, முடிவோடு டாக்டரிடம் போனால் ஒரு பயணம் மிச்சம்.

11. கர்ப்பம், குழந்தை

குழந்தைக்குத் திட்டமிடும்போதே சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் முன்னதாகவே நிற்க வேண்டும். டி.என்.எஃப். ஊசிகள் பலவற்றை டாக்டர் மேற்பார்வையில் தொடரலாம். அவற்றில் ஒன்றான செர்டோலிசுமாப் நஞ்சுக்கொடியை அநேகமாகக் கடப்பதில்லை.

பிரசவ வார்டில் ஒன்றை மறக்கவே கூடாது. கர்ப்பத்தின் பின்பாதியில் டி.என்.எஃப். ஊசி போட்டிருந்தால், குழந்தையின் உடம்பிலும் மருந்து சில மாதம் இருக்கும். பி.சி.ஜி. உயிருள்ள தடுப்பூசி, நம் ஊரில் பிறந்தவுடன் போட்டுவிடுவார்கள். ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கலாம். மூட்டுவாத டாக்டரிடம் கடிதம் வாங்கி, பிரசவப் பையிலேயே வைத்து, கூட வரும் அம்மாவிடமும் மைனியிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் மயக்கத்தில் இருக்கும் நேரம் அவர்கள்தான் பேச வேண்டும். ரோட்டா சொட்டுமருந்தும் உயிருள்ளதுதான், அதையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

12. பயன் குறைகிறது என்று தோன்றினால்

தொடங்கி 12 வாரம் வரை பொறுங்கள். அதற்கு முன் பயனில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். வருடங்கள் கழித்துக் குறைந்தால் முதலில் பிரிட்ஜைப் பாருங்கள், அப்புறம் நோட்டில் பிராண்டு, பேட்ச் மாறியதா என்று பாருங்கள். பிறகு தவறிய தேதிகளை எண்ணுங்கள். இவை எல்லாம் சரி என்றால் டாக்டர் மருந்தளவையும் எதிரணுவையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லலாம், அல்லது வேறு வழியில் வேலை செய்யும் மருந்துக்கு மாற்றலாம். மாற்றும்போது காசநோய்ச் சோதனையை மறுபடி செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். பணவழியை இரண்டாம் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள், புது மருந்தின் பெயரில்.